அப்பப்பாவின் நாற்சார் வீட்டை விருந்தினர் விடுதியாக்குகிறோம்: சுண்ணாம்பா, சீமெந்தா?

வண்ணை_பேத்தி

வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்ணார்பண்ணையில், சிவன் கோவில் மணி கேட்கும் தூரத்தில் எங்கள் அப்பப்பா வீடு இருக்கிறது. நாற்சார் வீடு. நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாவாரம், முன்னுக்கு விறாந்தை, தெருப் பக்கம் இரண்டு திண்ணை. தலைவாசல் நிலையில் 1911 என்று செதுக்கியிருக்கிறது. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு, யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, எல்லாரையும் போல நாங்களும் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஓட்டில் பாதி இல்லை, உள் அறைக் கதவுகள் நாலும் இல்லை, கிணற்றுக்குள் ஒரு தையல் மெசின் கிடந்தது. அது எங்களுடையதும் இல்லை. அப்பா தகரம் போட்டு ஒப்பேற்றினார். அவர் போனபிறகு வீடு பூட்டித்தான் கிடக்கிறது.

இப்போது நானும் கணவரும் கொழும்பை விட்டு வந்துவிட்டோம். இரவு தங்க அறை, காலையில் வீட்டுச் சாப்பாடு. அவ்வளவுதான் எண்ணம். ஐந்து அறை போதும்.

ஒரு கொந்தராத்துக்காரர் வந்து பார்த்தார். பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எறிந்து சீமெந்து பூச வேண்டுமாம். முற்றத்துக்கு மேலே ஃபைபர் தகடு போட்டு மூடி, கீழே டைல்ஸ் பதித்து அதை வரவேற்பு மண்டபம் ஆக்க வேண்டுமாம். ஐந்து அறைக்கும் உள்ளேயே குளியலறை. மூன்று மாதத்தில் திறப்பு விழா. கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று: சுவாமி அறைச் சுவரில் ஷெல் துண்டு பட்ட குழி ஒன்று இருக்கிறது, ஒரு தேங்காய் அளவு. அடைப்பதா, விடுவதா?

மேசன்_மாமா

பிள்ளை, அந்தக் கொந்தராத்துக்காரரை ஒரு மாதம் நிற்பாட்டி வை. அட்வான்ஸ் கொடுக்காதே.

நான் ஐம்பது வருடம் சாந்தகப்பை பிடித்தவன். அந்தக் காலத்து வீட்டுச் சுவர் முருகைக்கல்லும் (பவளக்கல்) சுண்ணாம்புச் சாந்தும். அத்திவாரத்துக்கு மேலே ஈரம் தடுக்கிற படை எதுவும் அப்போது வைப்பதில்லை. அதனால் மாரிக்கு நிலத்திலிருந்து ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், பங்குனி சித்திரை வெயிலுக்குச் சுவர் தானாகக் காய்ந்துவிடும். நீ அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழி இல்லை. அது இன்னும் மேலே ஏறும். இரண்டு மாரி கழிய, இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் கொப்பளித்து, பூச்சு பாளம் பாளமாக விழும். அப்போது கொந்தராத்துக்காரர் வேறு எங்கேயோ திறப்பு விழா வைத்துக்கொண்டு இருப்பார்.

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீற வைத்து, அரித்து, தண்ணீருக்கு அடியில் மூன்று நாலு கிழமையாவது விட வேண்டும். ஒரு பங்குக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல். கடல் மணலைக் கிட்டவும் கொண்டுவராதே, உப்பை நீயே சுவருக்குள் வைத்த மாதிரி ஆகும். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் பூசக்கூடாது. சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், தடிப்பாகப் பூசினால் உள்ளே பச்சையாகவே கிடக்கும். பூசிய பிறகு ஒரு கிழமை நனைத்த சாக்குப் போட்டு மூடி வை. எங்கள் அப்பு பனங்கட்டித் தண்ணீரும் கலப்பார். எறும்பு வரும் என்று வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். வந்ததில்லை.

பூச்சுக்கு மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்காதே. வெள்ளைதான். சுண்ணாம்பு வெள்ளை.

ரொறன்ரோ_பனங்காய்

மாமா சொல்வது நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வருடம் சுண்ணாம்பு நீறும் வரை யார் வட்டி கட்டுவது? நான் போன ஆடியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஒரு "பாரம்பரிய" வீட்டில் நின்றேன். மின்விசிறி ஒன்று, நுளம்பு ஆயிரம், குளியலறைக்குப் போக நடுமுற்றத்தைத் தாண்ட வேண்டும். என் மகள் இரண்டாம் நாளே ஹோட்டலுக்குப் போவோம் என்றாள். இடித்துவிட்டு மூன்று மாடி கட்டினால் பன்னிரண்டு அறை வரும். அப்பப்பாவின் படத்தை வரவேற்பில் மாட்டலாம். கோபிக்க வேண்டாம், கணக்கைச் சொல்கிறேன்.

தூணும்_தாவாரமும்

பன்னிரண்டு அறைப் பெட்டி யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சென்னையிலிருந்து பலாலிக்குப் பறந்து வருகிறவரும், கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வருகிறவரும் அந்தப் பெட்டிக்காக வண்ணார்பண்ணை ஒழுங்கைக்குள் வரமாட்டார்கள்.

முற்றத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. கட்டடக்கலை படித்தவன் என்ற முறையில் கெஞ்சிக் கேட்கிறேன், அதை மூடாதீர்கள். நாற்சார் வீட்டுக்கு அதுதான் மூக்கு. அறைகளின் சூடான காற்று முற்றத்தால் மேலே போகும், அந்த இடத்துக்கு விறாந்தைப் பக்கமிருந்து புதுக் காற்று உள்ளே வரும். தாவாரத்தின் தாழ்ந்த கூரை சுவரில் வெயில் படாமல் காக்கும். மேலே ஃபைபர் தகடு போட்டால் மத்தியானம் அது அடுப்பு. பிறகு ஐந்து அறைக்கும் ஏசி, அதற்கு மின்கட்டணம், அதைத் தாங்க வாடகை கூட்டுவது என்று சுற்றிச் சுற்றிக் கணக்கு உதைக்கும். பனங்காய் அண்ணை சொன்ன கணக்கு இது.

ஒரு சின்னச் சுவாரசியம், பதிவுக்குச் சம்பந்தம் உண்டோ இல்லையோ. அந்த வீட்டுக்குள் நடந்து பார்த்தால் விறாந்தை, சன்னல், குசினி, மேசை, கதிரை, அலுமாரி, சாவி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். அவர்கள் 1619இல் இராச்சியத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஒல்லாந்தர் நமக்குக் கந்தோரும் கக்கூசும் தந்தார்கள். முற்றம், தாவாரம், திண்ணை, கிணற்றடி மட்டும் நம்முடையதாகவே நின்றன. காற்றும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட இடங்களுக்கு வெளியாரிடம் சொல் வாங்க வேண்டி வரவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். மொழியியல் படித்தவர்கள் அடிக்க வரலாம்.

மூன்று_அறை

நான் நல்லூர்ப் பக்கம் ஆறு வருடமாக மூன்று அறை நடத்துகிறேன். பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் முற்றம் தாவாரத்தை விட ஒரு முழம் தாழ்வாக இருந்தது. மூலையில் ஒரு தூம்பு, அது சுவருக்கு அடியால் போய்ப் பின்வளவு வாழைக்குப் பாயும். நான் அமர்த்திய ஆள், வயதானவர்கள் படி இறங்கக் கஷ்டப்படுவார்கள் என்று முற்றத்தை மண் போட்டு உயர்த்தி டைல்ஸ் பதித்தார். தூம்பு அழகாக இல்லை என்று மூடினார். நானும் தலையாட்டினேன். அந்தக் கார்த்திகையில் ஒரு இரவு முழுக்கக் கொட்டியது. விடிய நாலு மணிக்கு ஜேர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி கதவைத் தட்டினார்கள். அறைக்குள் அவர்களுடைய சப்பாத்துகள் மிதக்கின்றன. அந்த மனிதர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்துக்குத்தானே விழும்? அது போக வழி வேண்டாமா? டைல்ஸை உடைத்து, மண்ணை அள்ளி, தூம்பைத் தோண்டி எடுத்தேன். பதித்த செலவைவிட உடைத்த செலவு கூட.

வண்ணை_பேத்தி, உங்கள் தூம்பு எங்கே போகிறது என்று முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கூரையில் கை வைப்பது பிறகு.

வண்ணை_பேத்தி

ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் அரை மணித்தியாலம் அப்படியே நின்றது. தகரக் கம்பியால் குத்த, தூம்புக்குள்ளிருந்து ஒரு கரண்டியும் மாபிள்களும் வந்தன. மாபிள் என் தம்பியுடையது, சத்தியம் செய்வேன்.

கிணற்றடி

சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் சுவரையும் கூரையையும் பேசுகிறீர்கள். நான் ஐந்து குளியலறையைப் பேசுகிறேன்.

குடாநாட்டுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். நாம் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர். அந்தக் கல் வெடிப்பும் துளையுமானது. மேலே போட்டது எதுவானாலும் வடிகட்டாமல் கீழே போகும். தோட்டத்துப் பசளையாலும் மலசலகூடக் குழியாலும் நம் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பது பல காலமாக அளந்து எழுதப்பட்ட விஷயம். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து. குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோகும் சக்தியை இழந்து, உடம்பு நீலம் பாரிக்கும்.

உங்கள் வீட்டில் ஆறு பேர் வாழ்ந்து பின்வளவில் ஒரு குழி இருந்த காலம் வேறு. ஐந்து அறை, பத்து விருந்தாளி, ஒவ்வொருவரும் நாளுக்கு இரண்டு தரம் தலைக்கு ஊற்றுவார்கள். அவ்வளவும் உங்கள் வளவுக்குள்ளேயே நிலத்துக்குப் போகும். அடி கட்டாத ஊறுகுழி தோண்டினால் விருந்தாளிக்குத் தேநீர் எந்தத் தண்ணீரில் வைக்கிறீர்கள் என்று யோசியுங்கள். உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வளவுக் கிணறும் அதே தண்ணீர்தான், மதில் நிலத்துக்கு மேலேதான் நிற்கிறது. அடியும் பக்கமும் பூசிய இரண்டு அறைத் தொட்டி கட்டி, தெளிந்த நீரைக் கிணற்றிலிருந்து எட்டத்தில், கல்வாழையும் வாழையும் வைத்த பாத்திக்கு விடுங்கள். கிணற்றுத் தண்ணீரை மாரிக்கு முன் ஒரு தரமும் பின் ஒரு தரமும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அறை எத்தனை என்பதைக் கிணறு சொல்லட்டும்.

மேசன்_மாமா

ஐயா சொன்னதோடு ஒன்று. நீர்த்தாங்கியைப் பழைய சுவரின்மேல் ஏற்றாதே. ஆயிரம் லீற்றர் என்றால் ஒரு தொன். பின்வளவில் தனித் தூண் கட்டி அதில் வை. குளியலறையும் பழைய அறைக்குள் வேண்டாம். சுண்ணாம்புச் சுவரைக் கொத்திப் பைப் புதைத்தால் கசிவது ஒரு வருடத்துக்குத் தெரியாது. பின்பக்கத் தாவாரத்தை ஒட்டி வெளியே ஒரு சார்ப்பு இறக்கி அங்கே கட்டு. அதற்குச் சீமெந்து தாராளமாகப் போடு. சீமெந்துக்கு நான் எதிரி இல்லை. காங்கேசன்துறைத் தொழிற்சாலை ஓடின காலத்தில் அந்தச் சாம்பலைக் குடித்துத்தான் பிள்ளைகளை வளர்த்தேன்.

உறுதிக்காரி

நொத்தாரிசுக் கந்தோரில் இருபது வருடம். வீடு யாருடையது?

வண்ணை_பேத்தி

எங்களுடையது அக்கா. அப்பப்பாவுடையது.

உறுதிக்காரி

"எங்களுடையது" என்று ஒரு உறுதியிலும் எழுதுவதில்லை, தங்கச்சி. அப்பப்பா எழுதி வைத்தாரா, எழுதாமல் போனாரா? பிள்ளைகள் எத்தனை பேர்?

வண்ணை_பேத்தி

எழுதவில்லை. அப்பா, ரொறன்ரோவில் சித்தப்பா, இரண்டு மாமிமார். மாமிமாருக்குக் கொக்குவிலில் காணி சீதனமாகக் கொடுத்துத்தான் கட்டிக் கொடுத்தது. சித்தப்பா போனில் "செய் பிள்ளை, செய்" என்றார்.

உறுதிக்காரி

அப்படியானால் கேளுங்கள். நமக்குத் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்தது, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி என்றார்கள். இன்றும் அதுதான் நம் காணிகளை ஆள்கிறது. முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடியது) என்று சொத்து மூன்று வகை. சீதனம் வாங்கிப் போன மகளுக்குத் தாய் தகப்பன் விட்டுப்போன மீதியில் பங்கு இல்லை என்பது பழைய விதி. ஆகவே மாமிமார் தள்ளி நிற்கலாம். ஆனால் சீதன உறுதியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். எத்தனையோ சீதனம் வாயால் மட்டும் கொடுக்கப்பட்டது.

சித்தப்பாவுக்குப் பிரிபடாத அரைப்பங்கு. பிரிபடாதது என்றால் இந்த அறை உனக்கு, அந்த அறை எனக்கு என்று இல்லை. ஒவ்வொரு ஓட்டிலும் பாதி அவருடையது. இன்று "செய்" என்கிறவர் நாளை இல்லாமல் போனால் அவருடைய பிள்ளைகள் வருவார்கள். வீடு மின்னத் தொடங்கிய பிறகுதான் பிரிவினை வழக்கு வரும், பாழாய்க் கிடக்கும்போது யாரும் போட மாட்டார்கள். அவருடைய பங்கை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், நீண்டகாலக் குத்தகைக்கு எடுங்கள். அவர் வர முடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம்) அனுப்பட்டும். விற்பதானாலும் உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டம் பங்காளியைக் கேட்காமல் வெளியாருக்கு விற்க விடாது.

சுண்ணாம்பு நீறும் அந்த நாலு கிழமையை இதற்குச் செலவழியுங்கள்.

ரொறன்ரோ_பனங்காய்

ஒவ்வொரு ஓட்டிலும் பாதி! எங்கள் குடும்ப வட்சப் குழுவில் இதை ஒட்டிவிட்டேன். மூன்று பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள்.

கேள்விக்காரன்

நல்ல உரையாடல். ஒரு முள்ளைப் போடுகிறேன்.

"பாரம்பரிய வீடு" என்று பலகை போடப் போகிறீர்கள். அந்த வீட்டுத் திண்ணையில் யார் இருக்கலாம், முற்றம் வரை யார் வரலாம், கிணற்றில் யார் அள்ளலாம் என்பதும் அதே பாரம்பரியம்தான். பின்பக்க ஒழுங்கையில் ஒரு சின்ன வாசல் இருக்கும், பாருங்கள். வாளிக் கக்கூசு இருந்த காலத்தில் வாளியை எடுக்க வந்தவர்களுக்கான வாசல். அதற்கு என்ன பலகை போடுவீர்கள்? "பழைய தோட்ட வாயில்" என்றா?

தூணும்_தாவாரமும்

கேள்விக்காரன், எல்லா இடத்திலும் இதைக் கொண்டுவந்தால் ஒரு கல்லையும் காப்பாற்ற முடியாது. நல்லூரில் அந்தக் காலத்து மந்திரி மனை கண்ணுக்கு முன்னே சிதைந்துகொண்டிருக்கிறது. முதலில் கட்டடம் நிற்கட்டும்.

கேள்விக்காரன்

நிற்கட்டும். நான் இடிக்கச் சொல்லவில்லை. பொய் எழுத வேண்டாம் என்கிறேன்.

வண்ணை_பேத்தி

பின்வாசல் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது ஏன் அவ்வளவு ஒடுக்கம் என்று கேட்டேன். அப்பாச்சி "அது வேறு ஆட்களுக்கு" என்றார். விறகு கொத்த வருகிறவருக்குத் தேநீர் கொடுக்க ஒரு தனித் தம்ளர் கிணற்றடித் தொட்டியில் கவிழ்த்து வைத்திருக்கும். அந்தத் தம்ளரின் நெளிவுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

என்ன பலகை போடுவது என்று தெரியவில்லை. பொய் போட மாட்டேன்.

மேசன்_மாமா

நான் இதற்குள் வராமல் இருக்கப் பார்த்தேன்.

பிள்ளை, உன் வீட்டைப் போல எத்தனையோ வீட்டில் என் அப்பு வேலை செய்தவர். நான் பன்னிரண்டு வயதில் அவரோடு சாந்து குழைத்தேன். சுவர் எழும்பும் வரை எந்த அறைக்குள்ளும் போகலாம், சுவாமி அறைக்குள்ளும்தான். அதற்குப் பலகணி வைத்ததே அப்பு. வீடு குடிபூரல் நடந்த நாள் முதல் தாவாரத்துக்கு இப்பால்தான். கட்டினவனுக்குக் கட்டும் வரைக்கும்தான் வழி. 1968இல் மாவிட்டபுரத்தில் எங்களையும் உள்ளே விடு என்று கோவில் வாசலில் கூட்டம் நின்றபோது எனக்குப் பதினான்கு வயது. அப்பு போக விடவில்லை, நான் போனேன்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் உன் சுவருக்குச் சுண்ணாம்பு சொல்லித் தந்தேன். அப்புவின் வேலை நல்ல வேலை. அது விழக்கூடாது.

கேள்விக்காரன்

ஐயா, வணக்கம்.

சோனகதெருப்_பையன்

புத்தளத்திலிருந்து எழுதுகிறேன். கொஞ்ச நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அக்கா, நீங்கள் முதல் பதிவில் எழுதிய திகதி, 1995 ஐப்பசி 30. எங்களுக்கும் அதே திகதிதான். ஆனால் 1990, புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றிய நாள். ஐந்து வருடம் முந்தி, அதே நாள். உங்களுக்கு ஒரு இரவு இருந்தது. எங்களுக்கு இரண்டு மணித்தியாலம். எங்கள் வாப்பா வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினார், சந்தியில் அதையும் கேட்டு வாங்கினார்கள்.

2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு வாப்பா போய்ப் பார்த்தார். கூரை இல்லை, கதவு இல்லை, நடு அறையில் ஒரு அரச மரம். விழுந்த ஓடுகளில் உடையாததைப் பொறுக்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டு வந்தார். ஏன் அடுக்கினீர்கள் என்றால் பதில் சொல்லமாட்டார்.

ஷெல் குழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் குழி இல்லை, சுவர்தான் மிச்சம்.

வண்ணை_பேத்தி

தம்பி, அந்தத் திகதியை நான் இப்படி ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணம் வந்தால் வீட்டுக்கு வர வேண்டும். விருந்தாளியாக அல்ல.

மூன்று_அறை

நடத்துகிற பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுத் தனியாக எழுதுகிறார்கள்.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும். வீட்டோடு தங்கும் இடம், விருந்தினர் இல்லம், பாரம்பரிய இல்லம் என்று வகைகள் உண்டு, உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று போய்க் கேளுங்கள். மாநகர சபை அனுமதி வேறு. தொல்பொருள் சட்டத்தைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். அது முக்கியமாக 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றை நோக்கியது. உங்களுடையது 1911. ஆனால் பாதுகாக்கப்பட்ட இடம் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

விருந்தாளி யார் என்றால், நல்லூர்க் கொடி ஏறி இருபத்தைந்து நாளும் நம் ஆட்கள். கனடா, லண்டன், சுவிஸ். அவர்களுக்கு ஒரு அறையில் நாலு பேர் படுக்க வேண்டும், மருமகளுக்கு மட்டும் தனிக் குளியலறை. மற்ற மாதங்களில் நயினாதீவு நாகவிகாரைக்குப் போகிற தெற்குக் குடும்பங்கள், இடையிடையே வெள்ளைக்காரர். வைகாசி, ஆனியில் யாரும் இல்லாத நாட்களுக்கும் கறுத்தக் கொழும்பான் மாம்பழம் இருக்கிறது. அதற்கென்றே வருகிற ஒரு பேராசிரியர் உண்டு.

காலைச் சாப்பாட்டில் நான் தொடக்கத்தில் விட்ட பிழை, பாணும் ஜாமும் முட்டைப் பொரியலும் வைத்தது. வெள்ளைக்காரர் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். ஒருநாள் காஸ் முடிந்து, அம்மா அடுப்படியில் எங்களுக்கு அவித்த இடியப்பமும் சொதியும் சம்பலும் கொடுத்தோம். அந்த அம்மையார் மூன்று தரம் வாங்கிவிட்டு, இதை ஏன் ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். இப்போது பிட்டு, இடியப்பம், குரக்கன் தோசைதான். பால் இல்லாத தேநீருக்குப் பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. கோவில் பக்கம் என்றால் மச்சம் வேண்டாம், அயலட்டை முக்கியம். மீன் போட்ட கூழ் கேட்பவர்களை, சின்னக்கடையில் மீன் வாங்கிக் கொடுத்து, தெரிந்த ஒரு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

"இந்த அறையில் யாராவது செத்தார்களா?" என்று கேட்பார்கள். நூறு வருட வீட்டில் எல்லா அறையிலும் செத்திருப்பார்கள், எல்லா அறையிலும் பிறந்துமிருப்பார்கள். நான் பிறந்த அறையைத்தான் காட்டுவேன்.

வண்ணை_பேத்தி *(ஒன்பது மாதம் கழித்து)*

இழையைத் தூசு தட்டுகிறேன். எல்லாருக்கும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும்.

சித்தப்பாவின் குத்தகை உறுதி எழுதியாயிற்று. சின்ன மாமியின் சீதனம் வாயால் மட்டும் கொடுக்கப்பட்டது என்று தெரிய வந்தது. உறுதிக்காரி அக்காவுக்கு என் தெண்டனிட்ட வணக்கம். மாமி கையொப்பம் வைக்க ஒரு நிபந்தனை போட்டார்: வருடத்தில் பதினைந்து நாள் தன் பழைய அறை, காசில்லாமல். எழுதிக் கொடுத்தோம்.

ஐந்து அறை மூன்றாகிவிட்டது. கிணறு சொன்னது. குளியலறைகள் பின்சார்ப்பில். முற்றம் திறந்தபடியே இருக்கிறது, கார்த்திகை மழைக்குத் தூம்பு விழுங்கிய சத்தத்தை இரவு முழுக்க இருந்து கேட்டேன். மேசன் மாமா வாரத்துக்கு இரண்டு நாள் வந்து கதிரை போட்டு இருந்து வேலைகாரப் பெடியன்களைத் திட்டினார். முதல் நாள் தாவாரத்தில் நின்றுகொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, தேநீரைச் சுவாமி அறைப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பூச்சு காய்ந்ததோ என்று பார்க்க வேணும்" என்று சொல்லி உள்ளே வந்தார். பலகணியைத் தடவிப் பார்த்து, இது அப்புவின் கை இல்லை, வேறு யாரோ, ஆனால் சரியான வேலை என்றார்.

ஷெல் குழியை அடைக்கவும் இல்லை, சட்டம் போட்டுக் காட்டவும் இல்லை. விளிம்பைச் சுண்ணாம்பால் இறுக்கி, மாமி அதில் ஒரு விளக்கு வைத்திருக்கிறார். பின்வாசலுக்கு மேலே பலகை இன்னும் எழுதவில்லை. மூன்று தரம் எழுதி மூன்று தரம் கிழித்தாயிற்று. கேள்விக்காரன், நீங்கள் ஒரு வரி எழுதி அனுப்புவீர்களா?

இப்போது என் தலைவலி ஓடு. தெற்குப் பக்கக் கூரைக்கு ஒரு நாற்பது ஓடு குறைகிறது. கேரளக் கரையிலிருந்து கப்பலில் வந்த பழைய கள்ளிக்கோட்டை ஓடு, முதுகில் யானை முத்திரை. புது ஓடு அந்த அளவுக்குப் பொருந்தவில்லை, கொக்கி மாறுகிறது. பழைய சாமான் கடையில் கேட்டால் கதவு இருக்கிறது, தூண் இருக்கிறது, ஓடு இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?

கேள்விக்காரன்

"இந்த வாசலால் வந்தவர்களே இந்த வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அவர்கள் முன்வாசலால் வர விடப்படவில்லை." இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பிடிக்காவிட்டால் நாலாவது தரமும் கிழியுங்கள்.

சோனகதெருப்_பையன்

அக்கா, யானை முத்திரையா? வாப்பா அடுக்கி வைத்த ஓட்டின் படம் போனில் இருக்கிறது, பெருக்கிப் பார்த்தேன். யானைதான். நாற்பதுக்கு மேலே இருக்கும், பாசி பிடித்திருக்கிறது, தேய்த்துக் கழுவ வேண்டும். அடுத்த வெள்ளி நான் அங்கே வருகிறேன், ஒரு லாண்ட்மாஸ்டர் வண்டி பிடித்து வையுங்கள். காசு வேண்டாம். மேசன் மாமா ஒருதரம் வந்து எங்கள் சுவர் இன்னும் தாங்குமா என்று பார்த்துச் சொன்னால் போதும்.

மேசன்_மாமா

ஞாயிறு காலையில் வருகிறேன் தம்பி. அதுவரைக்கும் அந்த அரச மரத்தில் யாரும் கத்தி வைக்க வேண்டாம். வேர் சுவருக்குள் போயிருந்தால் மரத்தோடு சுவரும் வந்துவிடும்.